ஓடு உரிக்காத முட்டை

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. சமையல்கட்டில் எலிப்புழுக்கையும் ஒரு மாத ஒட்டடையும். சரசு அக்கா மே மாதத்தோடு ஓய்வு பெற்றுவிட்டதால் கூட்டிப் பெருக்க ஆளில்லை, நானேதான் செய்தேன். ‘சத்துணவு அமைப்பாளர் வேலம்மாள்’ என்று போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். விளக்குமாற்றுக்கு அது தெரியுமா?

புதுச் சமையலர் வரும்வரை பக்கத்து ஊர் மையத்திலிருந்து சோறு வருகிறது. சாம்பார் தண்ணீராக ஓடுகிறது. சரசு அக்கா சாம்பார் வைத்தால் நானே தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். போன வருஷம் முழுக்க மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

ஜூன் 5, வியாழன்

ஒன்றியத்தில் அமைப்பாளர்கள் கூட்டம். ஆய்வுக்கு வருகிற மேடம் புது முறை ஒன்றை விளக்கினார். எங்கள் வட்டாரத்தில் மட்டும் செய்து பார்க்கப் போகிறார்களாம். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்கக் கூடாது. தட்டில் எது பிடிக்கவில்லையோ அதை ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. திட்டக் கூடாது, முறைக்கக் கூடாது. ஏன் வேண்டாம் என்று கேட்டு, பிள்ளை சொல்கிற காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் வேண்டாம் என்றால் சமையலில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, சமையலரை வேறு மையத்துக்கு மாற்றுவார்கள்.

“முறைக்காம எப்படி மேடம் சோறு போடுறது?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

டீயும் மிளகாய் வடையும் கொடுத்தார்கள். வடை மொறுமொறுவென்று இருந்தது. இரண்டு தின்றேன்.

ஜூன் 9, திங்கள்

புதுச் சமையலர் வந்துவிட்டாள். பெயர் சுடலைவடிவு, உள்ளூர்தான், காலனிப் பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மாமியார் படுத்த படுக்கை. மகன் இங்கேயே இரண்டாவது படிக்கிறான். மாமியாரைப் பார்த்துக்கொண்டு உள்ளூரிலேயே வேலை கிடைத்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். அண்டாவைத் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம்.

சாம்பாரைத் தலைமையாசிரியை பிரிசில்லா டீச்சர் ருசி பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். பரிமாறும் முன் அமைப்பாளரும் ருசி பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருவர் பார்த்தால் போதாதா?

“டீச்சர், உங்களுக்கும் தட்டு வைக்கட்டுமா?” என்று வடிவு கேட்டாள். எனக்கு அல்சர், வெளிச்சாப்பாடு ஆகாது, வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். பிள்ளைகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுபோயிருந்தேன். ஊறுகாயில் இந்த முறை காரம் தூக்கல்.

ஜூன் 11, புதன்

‘வேண்டாம்’ முறை இன்று தொடங்கியது. குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான். ஒருவனுக்குக் கேரட் வேண்டாம், காரணம் சிவப்பாக இருக்கிறது. ஒருத்திக்குக் கொண்டைக்கடலை வேண்டாம், காரணம் அது அவளையே பார்க்கிறது. ஏழாவது படிக்கிற ஒருவனுக்குச் சோறே வேண்டாம், முட்டை மட்டும் நாலு வேண்டும். எல்லாவற்றையும் முறைக்காமல் எழுதிக்கொண்டேன். முகம் வலிக்கிறது.

வடிவு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “கேரட்டைத் துருவிப் போட்டுட்டா தெரியாது டீச்சர்” என்றாள். இவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். வேலை புதிது.

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் வடிவு ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துவந்தாள். “டீச்சர், அல்சர்னு சொன்னீங்கள்லா. காரமே இல்லாம உங்களுக்குன்னு மோருஞ்சோறு தனியாப் பெசஞ்சு வச்சிருக்கேன். இஞ்சி கூடப் போடல.”

மோர் குளிர்ச்சி, எனக்குச் சேராது என்றேன். அவள் என் டப்பாவைப் பார்த்தாள். இன்றும் தயிர்ச்சோறுதான். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

போகிற வழியில் டப்பா வாங்க வேண்டும். இதன் மூடி சரியாக மூடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மிளகு முட்டை நாள். வேகவைத்த முட்டையை உரித்து, மிளகுத்தூளும் உப்பும் போட்டுப் புரட்டி எடுப்பது. ஆறாவது படிக்கிற இசக்கிப்பிரியா தட்டை நீட்டி, “எனக்கு மெளகு வேண்டாம் டீச்சர். முட்டைய ஓட்டோட குடுங்க. நானே உரிச்சுக்கிடுதேன்” என்றாள்.

“சோறு?”

“வேண்டாம்.”

“ஏன்?”

தரையைப் பார்த்தாள். “அல்சர் டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வயதில் அல்சராம். எழுதிக்கொண்டேன். இந்தப் பிள்ளை எங்கள் மேலத்தெருதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியுமுன் வேனில் போய்விடுவாள். ஆறாவது வந்துவிட்டதால் பள்ளியில் காலைச் சாப்பாடும் இவளுக்குக் கிடையாது. ஒரு முட்டையோடு சாயங்காலம் வரை எப்படி இருப்பாள் என்று தெரியவில்லை. அதைக் கேட்க முறையில் இடமில்லை.

ஜூன் 18, புதன்

மேலத்தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் இன்று சோறு வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் முட்டை வேண்டும், ஓட்டோடு வேண்டும். காரணம் கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, அல்சர். மூன்றாவது படிக்கிற ஒன்று ‘அல்சரு’ என்று வயிற்றுக்குப் பதில் நெற்றியைப் பிடித்துக் காட்டியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் டி.வி. பார்த்து என்னென்ன வார்த்தையெல்லாம் கற்றுக்கொள்கின்றன!

முட்டை உரிக்கிற வேலை வடிவுக்கு மிச்சம். ஒருவகையில் நல்லதுதான்.

ஜூன் 20, வெள்ளி

பிரிசில்லா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசைமேல் நான் எழுதிய காரணங்கள். டவுனிலிருந்து வருகிற மனுஷி, பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

“வேலம்மா, இது என்ன?”

“பிள்ளைங்க சொன்னதை எழுதியிருக்கேன் டீச்சர்.”

“உங்க தெருப் பிள்ளைங்களுக்கு மட்டும் அல்சர் வருதே. காலனிப் பிள்ளைங்க, கீழத்தெருப் பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே சாப்பிடுது? இது வயிறு இல்லம்மா. சாதி. வடிவு தொட்ட சோறு வேண்டாம், ஓடு மூடின முட்டை மட்டும் வேணும். உங்களுக்குத் தெரியலையா?”

பிள்ளை சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் மேடம் சொன்னது, அதற்கு மேல் நோண்ட எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

“உங்க அல்சர் எப்ப வந்தது வேலம்மா?” என்று கேட்டார்கள்.

மே மாதக் கடைசியில் என்றேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார்கள். காட்ட வேண்டும் என்றேன். மணி அடித்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க எரிச்சல்.

ஜூன் 22, ஞாயிறு

கொழுந்தன் சங்கரபாண்டி வந்திருந்தார். தெருவில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பதும் ஊர்க்கூட்டம் போடுவதும் அவர்தான். என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர், நான் தண்ணீர் கொண்டுபோனதும் திரும்பினார்.

“மதினி, நீங்க எதுலயும் பட வேண்டாம். நம்ம என்ன சண்டைக்கா போறோம்? மனு குடுத்தோமா, மறியல் பண்ணுனோமா? பிள்ளைங்க வாயால வேண்டாம்னு சொல்லுது. அவங்க போட்ட ரூல்தான? கூட்டத்துல இருந்து வந்து நீங்க ரூலச் சொன்னதும் நான் நெனச்சேன், நமக்குன்னே எழுதுன மாதிரில்லா இருக்குன்னு.”

“முட்டை மட்டும் வாங்குதுகளே?”

“ஓடு இருக்குல்லா மதினி! உள்ள யாரு கை பட்டுது? முட்டை, வாழப்பழம், தேங்கா, இதுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது. சர்க்கார் காசுல வர்ற முட்டைய எதுக்கு விடணும்?” என்று சிரித்தார். “இன்னும் ஒரு வாரம். அவளைத் தூக்கிருவாங்க. பெறவு நம்ம தெருவுலயே ஒரு ஆளப் போட்டுக்கிடலாம்.”

என் வீட்டுக்காரர், “ஊரோட ஒத்துப் போகணும்” என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

இருவருக்கும் கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். கருவாடு என்றால் எனக்கும் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஜூன் 24, செவ்வாய்

வடிவு சாம்பாருக்கு மிளகாயே போடுவதில்லை. புளியையும் பாதியாக்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால் பழி தன் தலையில் விழும் என்று பயம். காலனிப் பிள்ளைகள் “என்னக்கா, வெந்நி மாரி இருக்கு” என்று முகம் சுளிக்கிறார்கள்.

மத்தியானம் மேடத்திடமிருந்து பிரிசில்லா டீச்சருக்குப் போன். இத்தனை பிள்ளைகளுக்கு அல்சர் என்றால் சமையலில்தான் ஏதோ தப்பு, வியாழக்கிழமை நேரில் வருகிறேன் என்றாராம். தப்பு என்று தெரிந்தால் வடிவை மலையடிவாரத்து மையத்துக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் பஸ்ஸே இங்கிருந்து ஒன்பதுக்குத்தான்.

வடிவிடம் நான்தான் சொன்னேன். அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மாமியாருக்கு ரெண்டு மணிக்கு ஓடிப்போய் நான்தான் துணி மாத்தி விடுதேன் டீச்சர். அவ்ளோ தொலைவு போனா வேலைய விட வேண்டியதுதான்.” கையைத் துடைத்துக்கொண்டு, “அல்சருன்னு எழுதுனதுக்குப் பதிலா உள்ளதையே எழுதியிருந்தா எனக்கு வேலையாவது நிக்கும். நான் இந்த ஊர்லதான பொறந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனா என் சோறு வயித்தக் கெடுக்கும்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாது டீச்சர். அதைத்தான் தாங்க முடியல” என்றாள்.

பிள்ளைகள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

“ஆமா. பிள்ளைங்க யார் சொன்னதச் சொல்லுச்சு?” என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்பை மெழுகப் போனாள்.

ஜூன் 25, புதன்

வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்தேன். எதிரே இசக்கிப்பிரியா வந்து நின்றாள். கையில் முட்டை ஓடு, முட்டை தீர்ந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

“என்ன?”

“டீச்சர், உங்க சோத்துல கொஞ்சம் தாங்களேன்.”

கொடுத்தேன். டப்பா மூடியில் வைத்துக் கொடுத்ததை நின்றுகொண்டே அள்ளிப்போட்டாள். பார்த்துக்கொண்டே இருந்த இன்னும் நாலைந்து பிள்ளைகள் வந்துவிட்டன. எல்லாம் எங்கள் தெரு. ஒரு டப்பாச் சோறு யாருக்குக் காணும்? ஆளுக்கொரு வாய் போட்டேன். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருபதடி தள்ளி வடிவு அண்டா நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்க அவ்ளோ சோறு இருக்குல்லாட்டீ. போய் வாங்கித் தின்னேன்” என்றேன். குரல் எனக்கே ஓங்கிக் கேட்டது.

“அம்மா கூடாதுன்னு சொல்லிருக்கு. ‘வேலம்மா டீச்சரே அவ ஆக்குனத தொட மாட்டாக. கேட்டா அவுக மாதிரி அல்சருன்னு சொல்லிரு’ன்னு சொல்லிவிட்டுச்சு.”

“எனக்கு நெசமாவே அல்சர்ட்டீ.”

இசக்கிப்பிரியா மூடியை வழித்து நக்கிவிட்டு, என் கையில் கொடுத்தாள். “எனக்கும்தான் டீச்சர்” என்றாள். கேலி இல்லை. என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள்.

வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் கோபம் வந்தது. அவள் அம்மா மேல், சங்கரபாண்டி மேல், டவுனிலிருந்து வந்து கேள்வி கேட்கிற பிரிசில்லா டீச்சர் மேல். சாயங்காலம் வரை ஒவ்வொருவராகத் திட்டித் தீர்த்தேன். ஆள் தீர்ந்துபோனார்கள், கோபம் தீரவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் டப்பாவை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டுப் போனேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம்.

மேடம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஓரமாக, தட்டில் முட்டை மட்டும் உருள உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நேராக வடிவிடம் போனார்.

“மிளகாய் எவ்வளவு போடுறீங்க?”

“இப்பல்லாம் போடுறதே இல்ல மேடம்.”

“அப்ப எண்ணெய்? பழைய எண்ணெயா?”

“நீங்களே மோந்து பாருங்க மேடம்.” வடிவு கரண்டியில் எண்ணெயை எடுத்து நீட்டினாள்.

பிரிசில்லா டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் மேடம் என் பக்கம் திரும்பிவிட்டார். “அமைப்பாளரம்மா, நீங்க சொல்லுங்க. தினமும் ருசி பார்த்துத்தானே போட விடுறீங்க? சாப்பாடு எப்படி இருக்கு?”

எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க அந்த விஷயம் தெரியாதவர் மேடம் ஒருவர்தான்.

“வடிவு, ஒரு தட்டு எடு” என்றேன்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நடுவில், இசக்கிப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க நேரமானது. வடிவு வந்து சோறு வைத்தாள், சாம்பார் ஊற்றினாள். கொஞ்சம் என் சேலையில் கொட்டியது. பிசைந்தேன். பக்கத்தில் இசக்கிப்பிரியா என் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், அப்புறம் தொண்டையைப் பார்த்தாள். விழுங்கினேன்.

இன்னும் இரண்டு வாய் தின்றுவிட்டு, “மேடம், ஒரு கொறை இருக்கு” என்றேன். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். “காரம் பத்தாது. ஒப்புக்குக் கூட மொளகா இல்ல. இதுக்கு ரெண்டு கிள்ளிப் போட்டா சரசு அக்கா சாம்பாரு தோத்துரும்.”

“அப்ப இந்த அல்சர் எல்லாம்?”

“சாப்பாட்டால வந்தது இல்ல மேடம். மொதல்ல எனக்குத்தான் வந்தது. என்கிட்ட இருந்து பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிட்டுது.”

“அல்சர் ஒட்டுமா?”

“எங்க தெருவுல ஒட்டும்” என்றேன்.

மேடம் என்னையும், தட்டையும், ஓரத்தில் உருளும் முட்டைகளையும் பார்த்தார். அப்புறம் வடிவைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. “சமையலர் இங்கயே இருக்கட்டும். நான் எழுதிடறேன்” என்று பிரிசில்லா டீச்சரிடம் மெல்லச் சொன்னார்.

வடிவு முட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு என் முன் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் அப்படி இல்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டாள்.

“டீச்சர், ஒங்களுக்கு முட்டை எப்படி? ஓட்டோடயா, உரிச்சா?”

அவள் கேட்டது நியாயம்தான். “உரிச்சே போடு” என்றேன்.

அவள் அங்கேயே நின்று, நிதானமாக, ஓட்டைத் துண்டு துண்டாக எடுத்து, வெறும் முட்டையைத் தன் விரலால் என் தட்டில் வைத்தாள். நான் அதையும் தின்றேன்.

இசக்கிப்பிரியா தட்டை நகர்த்தினாள். “எனக்குச் சரியாப் போச்சுக்கா. சோறு வைங்க.” அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று தட்டுகள் நகர்ந்தன. மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். சங்கரபாண்டியின் பேரன் முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினான். நான் பள்ளியைப் பூட்டிக் கிளம்புவதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குளித்துவிட்டு உலை வைத்தேன். நேற்று வாங்கிய கருவாடு இருந்தது, குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காயும் போட்டேன். தட்டை வைத்து, “சாப்பிட வாங்க” என்றேன்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “எனக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“வயித்துக்குச் சரியில்ல.”

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் கருவாட்டுக் குழம்பை வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் முறைக்கவில்லை, திட்டவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் முறை. அவர் தட்டைக் கவிழ்த்துவிட்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, குழம்பை நிறைய ஊற்றிச் சாப்பிட்டேன். நல்ல காரம். என் வயிற்றை ஒன்றும் செய்யவில்லை.